வீட்டில் பூட்டும் ரேஸ் என்ஜினுக்கு ஒரு பேலன்சிங் பட்டறை: கோவையிலிருந்து ஒரு மதிப்பீடு

கார் என்ஜினை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, அளந்து, மறுபடியும் பூட்டுகிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. பொறுமையும் நல்ல அளவுக் கருவிகளும் இருந்தால் அந்த வேலையில் பெரும்பகுதியை நாமே செய்துவிடலாம். எவ்வளவு திறமை இருந்தாலும் வீட்டில் செய்ய இயலாத வேலை ஒன்று உண்டென்றால், அது கிராங்க் ஷாஃப்ட்டை, அதாவது பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை, சுழலவிட்டு அதன் எடைச் சமநிலையைச் சரிசெய்யும் டைனமிக் பேலன்சிங். கோவை கணபதிப் பகுதியில் அந்த வேலையைச் செய்து தரும் சிறு பட்டறை ஒன்றின் சேவையைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். கைவசம் உள்ள வேலையே போதும், பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்த ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். வேறு ஊரில் வேறு பட்டறைக்குப் போகிறவர்களும் எதைக் கொண்டுபோவது, எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொள்ள இது உதவும் என்றே விரிவாக எழுதுகிறேன்.

நான் பூட்டியது மாருதி சுசுகியின் ஜி13பிபி வகை என்ஜின். எஸ்டீம், ஜிப்சி கிங், முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல் ஆகிய வண்டிகளில் வந்த அதே 1.3 லிட்டர் என்ஜின்தான். போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75.5 மி.மீ., கொள்ளளவு 1298 சி.சி. அலுமினிய பிளாக்கும் ஐந்து மெயின் பேரிங்குகளும் கொண்ட, எடை குறைந்த, பிரித்துப் பூட்ட எளிதான அமைப்பு. பழைய பாகங்கள் தாராளமாகக் கிடைப்பதால் ரேலிக்கும் ரேஸ் டிராக்குக்கும் வண்டி தயார் செய்கிறவர்கள் இன்றும் இதைத் தேடிப் பிடிக்கிறார்கள். கோவைக்கு இந்த விஷயத்தில் தனி மரபு உண்டு. மாருதி 800 என்ஜினைப் பொருத்தி ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கிய எஸ். கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்த பிறகு, செட்டிபாளையத்தில் எழுந்த டிராக்குக்கு அவர் நினைவாகவே கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். பம்பு செட்டும் மோட்டாரும் செய்து பழகிய ஊரில், சுழலும் பொருளைச் சமன் செய்யும் கைத்திறன் ஏற்கெனவே இருந்தது. ரேஸ் வண்டிக்காரர்கள் அதைத் தேடிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

பேலன்சிங் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே கணக்குதான். இந்த என்ஜினில், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடு மாட்டும் கிராங்க் பின்னின் நடுப்புள்ளி, ஷாஃப்ட்டின் அச்சிலிருந்து ஸ்ட்ரோக்கில் பாதி தூரத்தில், அதாவது 37.75 மி.மீ. தள்ளிச் சுற்றுகிறது. அந்த ஆரத்தில் ஒரு கிராம் எடை கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 7000 சுற்றில் அது ஏறத்தாழ 20 நியூட்டன் விசையுடன், அதாவது இரண்டு கிலோ எடை தொங்குவது போல, ஷாஃப்ட்டை வெளிப்பக்கமாக இழுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் திசை மாறிக்கொண்டே, நொடிக்கு 116 தடவைக்கும் மேல் அந்த இழுப்பு பேரிங்கின் மீது விழும். விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 3500 சுற்றில் அதே ஒரு கிராம் அரைக் கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். அலுவலகத்துக்குப் போய்வரும் வண்டியில் நாம் உணராத குறை, டிராக்கில் ஓடும் வண்டியில் பேரிங்கைத் தின்பது இதனால்தான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் என்ஜினுக்கு அங்கே செய்த பேலன்சிங்கே போதும். பிஸ்டனை மாற்றி, கிராங்க்கின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்து, ராடு போல்ட்டை மாற்றி, சுற்று வரம்பையும் உயர்த்திய பிறகு அந்தப் பழைய சமநிலையை நம்ப இயலாது.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை முடிக்காமல் போனால் பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண். நான்கு பிஸ்டன்களும் நான்கு ராடுகளும் தம்முள் ஒரே எடையில் இருக்க வேண்டும். இதற்கு 0.1 கிராம் வரை காட்டும், ஒரு கிலோவுக்குமேல் தாங்கும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும். தெரிந்த எடைக்கல்லை வைத்து ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொண்டால் மலிவான தராசும் நன்றாகவே உழைக்கிறது. பிஸ்டன், அதை ராடோடு இணைக்கும் பின், அந்தப் பின்னை நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப், ரிங்குகள் ஆகியவற்றைத் தனித்தனியாக எடைபோட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஃப்ளோட்டிங் பின் (எளிதில் கழற்றக்கூடிய பின்) உள்ள பிஸ்டன்களாக இருந்தால், கனமான பிஸ்டனுக்கு லேசான பின், லேசான பிஸ்டனுக்குக் கனமான பின் என்று சோடி மாற்றிப் பார்த்தாலே வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடும். உலோகத்தில் கைவைப்பது அதற்குப் பிறகுதான். மிஞ்சிய கனத்தைப் பின் தாங்கும் மேட்டின் அடிப்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பிஸ்டன் தலையின் உட்புறத்தையோ, பின் துளையை ஒட்டிய சுவரையோ எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது.

ராடு விஷயம் இன்னும் நுட்பமானது. நான்கு ராடுகளின் மொத்த எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பெரிய முனையின் எடையும் சிறிய முனையின் எடையும் தனித்தனியே பொருந்த வேண்டும். ஏனென்றால் பெரிய முனை கிராங்க்கோடு சேர்ந்து சுற்றுகிறது, சிறிய முனை பிஸ்டனோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வருகிறது. இதை அளக்க, சிறிய முனையை ஒரு பால் பேரிங்கில் மாட்டித் தாங்கி நிறுத்தி, பெரிய முனை தராசின் மேல் அமரும்படி ராடைக் கிடைமட்டமாக வைக்கும் ஒரு சட்டம் தேவை. மரப்பலகையும் இரண்டு பேரிங்குகளும் இருந்தால் அதை நாமே செய்துகொள்ளலாம். இரண்டு முனைகளின் அளவையும் கூட்டினால் ராடின் மொத்த எடை வர வேண்டும். வராவிட்டால் ராடு கிடைமட்டமாக இல்லை, அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. சட்டத்தை லேசாகத் தட்டிவிட்டு மறுபடி படிக்கும்போது அதே எண் திரும்ப வந்தால்தான் அந்த அளவை நான் ஏற்கிறேன். எது மிக லேசானதோ அதை அளவாகக் கொண்டு மற்ற மூன்றையும் குறைத்துக்கொண்டு வர வேண்டும். பெரிய முனையை மூடும் கேப்பின் அடியில் இதற்கென்றே விடப்பட்டிருக்கும் மேட்டில் பெல்ட் சாண்டரால் எடுக்கலாம். தேய்க்கும் கோடுகள் ராடின் நீளவாக்கில் இருக்க வேண்டும், குறுக்கே விழும் கீறல் விரிசலுக்கு வழிகாட்டிவிடும். இப்படி நான்கையும் அரை கிராமுக்குள் கொண்டுவருவது வீட்டிலேயே ஆகிற காரியம்.

கிராங்க்கையும் வீட்டிலேயே சமன் செய்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு கத்திமுனைத் தண்டவாளங்களில் ஷாஃப்ட்டை உருளவிட்டு, கனமான பக்கம் கீழே வந்து நிற்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. ஃப்ளைவீல் போன்ற தட்டையான பொருளுக்கு அது ஓரளவு உதவும். நீண்ட ஷாஃப்ட்டுக்கு அது ஏமாற்று வேலை. முன்முனையில் மேற்பக்கம் ஐந்து கிராமும் பின்முனையில் அதற்கு நேரெதிர்ப் பக்கம் ஐந்து கிராமும் கூடுதலாக இருந்தால், தண்டவாளத்தில் ஷாஃப்ட் எந்த நிலையிலும் அசையாமல் நின்று, சமநிலை கச்சிதம் என்று சொல்லும். சுழலத் தொடங்கியதும் இரண்டு முனைகளும் எதிரெதிராக இழுத்து ஷாஃப்ட்டை உலுக்கும். இந்தக் குறையைச் சுழலவிட்டு, இரண்டு தளங்களில் தனித்தனியே அளந்தால்தான் காண முடியும். பட்டறை வேண்டும் என்பது அதற்காகத்தான்.

நான் பார்த்த பட்டறையில் ஒரே ஒரு ஹாரிசாண்டல் பேலன்சிங் மெஷின் இருக்கிறது. கிராங்க்கின் முதல் மெயின் ஜர்னலும் ஐந்தாம் மெயின் ஜர்னலும் (பேரிங்கில் அமரும் பகுதிகள்) உருளைகளின் மேல் அமர, நடுவில் ஒரு பெல்ட் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. சுழலும் வேகம் சில நூறு சுற்றுகள்தான். என்ஜின் ஓடும் வேகத்தில் சுற்ற வேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் கிராங்க் வளைந்துகொடுக்காத கெட்டியான பொருளாக நடந்துகொள்ளும் வரை எடைக் குறை எந்த வேகத்திலும் ஒன்றேதான். திரையில் இடது தளத்துக்கு இத்தனை கிராம், இத்தனை டிகிரி, வலது தளத்துக்கு இத்தனை என்று வருகிறது. ஆபரேட்டர் வயதில் மூத்தவர். அந்த எண்ணைப் பார்த்தவுடன் துளை போடாமல், முதலில் அதே எடையுள்ள களிமண் உருண்டை ஒன்றை எதிர்ப்பக்கம் ஒட்டி, மறுபடி சுற்றி, எண் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டார். குறைந்த பிறகுதான் கவுண்டர் வெயிட் எனும் எதிர் எடைப் பகுதியின் வெளி விளிம்பில் டிரில் இறங்கியது. எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாத வேலையில் இந்த நிதானம்தான் எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது. கவுண்டர் வெயிட்டில் எடை போதாத கிராங்க்குகளும் வருவதுண்டாம். அதற்கு டங்ஸ்டன் கலவைத் துண்டைத் துளையில் இறுக்கிப் பொருத்த வேண்டும், அது எஃகைப் போல இருமடங்குக்கும் மேல் கனமானது. அந்த வசதி இங்கே இல்லை. நான்கு சிலிண்டர் வரிசை என்ஜின்களில் அதற்குத் தேவை அரிதாகவே வரும்.

பட்டறைக்குள் நுழைந்ததும் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி இது: “ஏனுங்க, ஃப்ளைவீலு எங்கீங்க? கிராங்க மட்டும் சுத்திக் குடுத்தா பாதி வேலைதானுங்க.” நல்ல பட்டறைக்கு அடையாளம் இந்தக் கேள்வி. அவர்கள் முதலில் கிராங்க்கைத் தனியாகச் சமன் செய்தார்கள். பிறகு முன்பக்கப் புல்லியை மாட்டிப் பார்த்தார்கள். பிறகு ஃப்ளைவீலைப் பூட்டி, குறை இருந்தால் ஃப்ளைவீலில் மட்டும் எடுத்தார்கள். கடைசியாகக் கிளட்ச்சின் பிரஷர் பிளேட்டைப் பூட்டி, அதன் குறையை அதிலேயே சரிசெய்தார்கள். இந்த வரிசையில் செய்தால், நாளை கிளட்ச் மாற்றும்போது கிராங்க்கின் சமநிலை கெடாது. எல்லாவற்றையும் மொத்தமாகப் பூட்டி ஒரே இடத்தில் துளை போடும் பட்டறைகளும் உண்டு. அங்கே செய்தால் பிரஷர் பிளேட் மாறிய அன்றே வேலை பாழ். ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே மையப் பஞ்சால் அடையாளப் புள்ளி குத்தித் தந்தார்கள். வீட்டில் பூட்டும்போது அந்தப் புள்ளிகள் நேருக்கு நேர் வர வேண்டும்.

பாப் வெயிட் பற்றி, அதாவது ராடு, பிஸ்டன் எடைக்கு ஈடாகக் கிராங்க் பின்னில் மாட்டும் தற்காலிக எடை பற்றி, ஒரு விளக்கம் இங்கே அவசியமாகிறது. என்ஜின் பேலன்சிங் குறித்து இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வி8 என்ஜின்களைப் பற்றியவை. அவற்றில் ஒவ்வொரு கிராங்க் பின்னிலும், சுற்றும் எடை முழுவதையும் போய்வரும் எடையில் பாதியையும் கணக்கிட்டு, அதற்குச் சமமான பாப் வெயிட்டை மாட்டித்தான் சுற்றுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, நம் நான்கு சிலிண்டர் கிராங்க்குக்கும் பாப் வெயிட் மாட்டவில்லையே என்று பட்டறையோடு வாக்குவாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. வரிசை நான்கு சிலிண்டரில் ஒன்றும் நான்கும் மேலே போகும்போது இரண்டும் மூன்றும் கீழே வருகின்றன. எடைகள் ஒத்திருக்கும் வரை அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. கிராங்க் முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடிப் பிம்பம் போல அமைந்திருப்பதால் முனைகளை எதிரெதிராக இழுக்கும் குறையும் எழுவதில்லை. ஆகவே வெறும் கிராங்க்கைச் சுற்றினால் போதும். இதற்கு மாறாக, பழைய மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் கிராங்க்கைக் கொண்டுபோனால் பாப் வெயிட் மாட்டியே ஆக வேண்டும், அதற்கு ராடு, பிஸ்டன் எடைகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நான் கேட்காமலேயே அவர்கள் விளக்கினார்கள். விளக்கத் தெரியாத பட்டறையில் கிராங்க்கை இறக்கி வைக்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

எந்த அளவுக்குச் சமன் செய்ய வேண்டும் என்பதை எண்ணாகக் கேட்க வேண்டும். ‘நல்லா செஞ்சு தர்றோம்’ என்ற பதில் போதாது. ஐஎஸ்ஓ 21940-11 என்ற தரநிலையில், முன்பு ஐஎஸ்ஓ 1940 என்று அறியப்பட்டதில், ஜி 6.3, ஜி 2.5 என்று வகைகள் இருக்கின்றன, எண் குறையக் குறையச் சமநிலை துல்லியமாகும். பத்துக் கிலோ எடையுள்ள ஒரு ஷாஃப்ட் 7000 சுற்றில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஜி 6.3-இன்படி ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ 43 கிராம்-மில்லிமீட்டர் வரை குறை இருக்கலாம். அதாவது 40 மி.மீ. ஆரத்தில் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதல். ஜி 2.5 என்றால் அது 17 கிராம்-மில்லிமீட்டராக, அதே ஆரத்தில் அரை கிராமுக்கும் கீழாக இறங்கிவிடும். சாலைக் கார்களின் கிராங்க் அமைப்புக்குத் தரநிலை இதைவிடப் பல மடங்கு தளர்வான எல்லையைத்தான் விதிக்கிறது. டிராக் என்ஜினுக்கு நான் ஜி 2.5 கேட்டேன், அவர்கள் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். அதற்கும் கீழே பத்தில் ஒரு பங்கு கிராமைத் துரத்துவதில் பொருளில்லை என்பது என் கருத்து. பேரிங்கில் உள்ள எண்ணெய் இடைவெளியும், ராடில் நாம் விட்டுவைத்த அரை கிராமும் அதை விழுங்கிவிடும்.

இனி குறைகள். முதலாவது, அளவுச் சீட்டைக் கேட்டால்தான் தருகிறார்கள். தொடக்கத்தில் எவ்வளவு குறை இருந்தது, முடிவில் எவ்வளவு என்று இரண்டு தளங்களுக்கும் அச்சிட்டுத் தரும் வசதி அந்த மெஷினில் இருக்கிறது. கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை. கையில் சீட்டு இல்லாத பேலன்சிங்குக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். இரண்டாவது, மெஷினில் ஏற்றும் முன் கிராங்க் வளைந்திருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. முதல், ஐந்தாம் ஜர்னல்களை வி-பிளாக்கில் தாங்கி, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. வளைந்த கிராங்க்கைச் சமன் செய்துவிட்டால், பிளாக்கில் கேப்புகள் அதை நேராக இழுத்துப் பிடிக்கும்போது சமநிலை மறுபடி கெடும். இதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போக வேண்டும். காந்த முறையில் விரிசல் பார்ப்பதும் அங்கே இல்லை, அதற்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. ஜர்னலைக் கிரைண்ட் செய்ய வேண்டியிருந்தால் அதையும் பேலன்சிங்குக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை சுத்தம். துளையிட்ட சுருள் சீவல்களும் பொடியும் கிராங்க்கின் எண்ணெய்த் துளைகளுக்குள் போய்விடுகின்றன. துளைகளை டேப் போட்டு மூடிவிட்டு வேலை செய்யும்படி கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் திறந்தபடியே வேலை நடக்கிறது. வேலை முடிந்ததும் காற்றடித்துத் துடைத்து, எண்ணெய் பூசிக் கொடுக்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், அதை நம்பி அப்படியே பூட்டிவிடக் கூடாது. வீட்டில் துப்பாக்கிக் குழலைத் துடைக்கும் பிரஷ் போன்ற நீண்ட நைலான் பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையையும் இரு பக்கமிருந்தும் தேய்த்து, முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு அழுத்தக் காற்று என்று கழுவி, உடனே எண்ணெய் தடவ வேண்டும். வெள்ளைத் துணியைத் துளை வாயில் வைத்துக் காற்றடித்தபோது முதல் தடவை அதில் மின்னும் துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. துணி சுத்தமாக வரும் வரை கழுவினேன். அந்தத் துகள்களில் ஒன்று போதும், புதிய பேரிங்கில் வளையமாகக் கோடு இழுத்துவிடும்.

திரும்பி வந்த கிராங்க்கைப் பூட்டும் வேலையில் கருவிகளின் தரம் தெரிந்துவிடும் என்பதால் அவற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரிங் கிளியரன்ஸை, அதாவது பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் உள்ள இடைவெளியை, அளக்க நான் பயன்படுத்தியது பிளாஸ்டிகேஜ் இழை. பச்சை நிற உறையில் வருவது 0.025 முதல் 0.076 மி.மீ. வரை அளக்கும், இந்த என்ஜினுக்கு அதுவே பொருத்தம். எண்ணெய் இல்லாமல் துடைத்த ஜர்னலின் மேல் ஒரு துண்டு இழையை வைத்து, கேப்பை உரிய டார்க்கில் இறுக்கி, கிராங்க்கைச் சிறிதும் அசைக்காமல் மறுபடி கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையின் மேல் அச்சிட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். பொதுவான விதி, ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 45 மி.மீ. மெயின் ஜர்னலுக்கு அது 0.045 மி.மீ. ஆகிறது. அலுமினிய பிளாக் சூட்டில் எஃகைவிட அதிகம் விரியும் என்பதால், குளிர்ந்த நிலையில் இதற்குக் கொஞ்சம் உள்ளேயே இருக்கட்டும் என்று நான் வைத்துக்கொண்டேன். மலிவான விலைக்கு பிளாஸ்டிகேஜ் அருமையான பொருள். இருந்தாலும் அது இழை கிடந்த இடத்தின் அளவை மட்டும்தான் சொல்லும். ஜர்னல் முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறதா, கூம்பாகியிருக்கிறதா என்பதற்கு மைக்ரோமீட்டரும் போர் கேஜும்தான் பதில். மைக்ரோமீட்டர் அளந்து கணக்கிட்டதும் இழை காட்டியதும் ஒத்துப்போனால்தான் நான் அடுத்த ஜர்னலுக்குப் போகிறேன்.

டார்க் ரெஞ்ச் விஷயத்தில் ஒன்றே ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஐஎஸ்ஓ 6789 தரநிலைக்கு உட்பட்ட நல்ல கிளிக் வகை ரெஞ்சுக்கு, 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 4 விழுக்காடு வரை பிழை அனுமதி உண்டு. அந்த உத்தரவாதம் ரெஞ்சின் அளவு வரம்புக்குக் கீழே பொருந்தாது. 40 முதல் 200 வரை காட்டும் அரை அங்குல ரெஞ்சைக் கொண்டு ராடு போல்ட்டை இறுக்குவது சரியல்ல. ராடுக்கும் மெயின் கேப்புக்கும் சிறிய ரெஞ்ச், ஃப்ளைவீலுக்கும் கிராங்க் புல்லிக்கும் பெரிய ரெஞ்ச் என்று இரண்டு தேவை. போல்ட் இறங்கும் துளைகள் அடி மூடியவையாக இருந்தால் அவற்றில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கி நிற்கக் கூடாது. இறுக்கும்போது அந்தத் திரவம் ஒதுங்க இடமில்லாமல் அலுமினிய பிளாக்கையே பிளந்துவிடும். ரிங்கின் முனை இடைவெளியையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். போர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்ற கணக்கில் 74 மி.மீ. போருக்கு ஏறத்தாழ 0.30 மி.மீ. வரும். ஒவ்வொரு பிஸ்டனையும் உள்ளே இறக்கிய பிறகு கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். எந்தப் பிஸ்டன் இறங்கியபோது இறுக்கம் வந்ததோ, குறை அங்கேதான் இருக்கும்.

ஓடவிட்ட பிறகு கண்ட பலனையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஐடிலிங்கில் எந்த வேறுபாடும் தெரியவில்லை, தெரியும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. 5000 சுற்றுக்கு மேல் ஸ்டியரிங்கிலும் கியர் லீவரிலும் முன்பு வந்த உதறல் காணாமல் போயிருக்கிறது. டிராக்கில் ஓட்டிய பிறகு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பார்த்தபோது பேரிங்குகளில் தேய்மானம் முழு அகலத்திலும் சீராக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் பளபளப்பு ஏறும் பழைய அடையாளம் இல்லை. இருந்தும் என்ஜின் முற்றிலும் அதிர்வில்லாமல் ஓடவில்லை. நான்கு சிலிண்டர் வரிசை என்ஜினில், ராடு சாய்ந்து இயங்குவதால் கிராங்க் வேகத்தைப் போல இருமடங்கு வேகத்தில் எழும் இரண்டாம் நிலை அதிர்வு ஒன்று உண்டு, எந்தப் பேலன்சிங் மெஷினாலும் அதைப் போக்க இயலாது. அதை அடக்க வேண்டுமென்றால், இங்கிலாந்துப் பொறியாளர் லான்செஸ்டர் கண்ட வழியில், எதிரெதிராக இருமடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளை என்ஜினுக்குள்ளேயே வைக்க வேண்டும். மிட்சுபிஷி 1970களில் தன் பெரிய நான்கு சிலிண்டர் என்ஜின்களில் அதைத்தான் செய்தது. 1.3 லிட்டர் என்ஜினில் பிஸ்டனும் ஸ்ட்ரோக்கும் சிறியவை என்பதால் அது இல்லாமலேயே சமாளித்துவிடலாம். லேசான பிஸ்டன்கள் அதை இன்னும் குறைக்கும். பேலன்சிங் செய்தும் ஆடுகிறதே என்று பட்டறையைக் குறைசொல்லும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை கிராங்க், புல்லி, ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் நான்கையும் சேர்த்து நான் கொடுத்தது ஒரு நல்ல டார்க் ரெஞ்சின் விலையைவிடக் குறைவு. செய்த வேலைக்கு அது மலிவு என்றே சொல்வேன். ரேஸ் பருவத்துக்கு முந்தைய வாரங்களில் போனால் காத்திருக்க வேண்டியிருக்கும், மோட்டார் ரோட்டர் வேலைகளுக்கே அவர்கள் முன்னுரிமை தருகிறார்கள். பிஸ்டன், ராடு எதையும் மாற்றாமல், சுற்று வரம்பையும் உயர்த்தாமல் பழைய எஸ்டீமுக்கு வெறும் ரிங்கும் பேரிங்கும் மாற்றுகிறவர்கள் இங்கே போக வேண்டியதில்லை, அந்தப் பணத்தைப் புதிய ஆயில் பம்ப்புக்குச் செலவிடலாம். ஃப்ளைவீலைக் கடைந்தவர்களும், போர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட்டவர்களும், 7000-ஐத் தாண்டிச் சுற்றப் போகிறவர்களும் தயங்காமல் போகலாம். வெளியூரிலிருந்து அனுப்புகிறவர்கள் கிராங்க்கைப் படுக்கவைத்து அனுப்பாமல், ஃப்ளைவீல் முகத்தை அடியாக வைத்து நிமிர்த்தி, மரப்பெட்டியில் முட்டுக்கொடுத்து அனுப்ப வேண்டும். பெட்டிக்குள் ஒரு தாளில் வேண்டிய தரம் ஜி 2.5, அதிகபட்சச் சுற்று இத்தனை, எண்ணெய்த் துளைகளை மூடிவிட்டுத் துளையிடவும், அளவுச் சீட்டு கட்டாயம் வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டால், தொலைபேசியில் பேசிப் புரியவைக்கும் சிரமம் இருக்காது.